நாற்பதைக் கடந்த குமரி மாவட்டப் பெண்களுக்கு: மேமோகிராம் எப்போது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை?

ஒரே வாரத்தில் இரண்டு பெண்கள் எங்கள் ஓ.பி.க்கு வந்தார்கள். ஒருவர் நாகர்கோவிலில் ஆசிரியை, வயது 42. கூட வேலை பார்த்தவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது. மூன்று வருடமாக வருடம் தவறாமல் மேமோகிராம், அதாவது மார்பை எடுக்கும் எக்ஸ்ரே படம், எடுக்கிறார். இரண்டு பக்கக் குடும்பத்திலும் யாருக்கும் புற்றுநோய் இல்லை. இன்னொருவர் கருங்கல் பக்கம் முந்திரி ஆலையில் பருப்புத் தோல் உரிப்பவர், வயது 47. அவருடைய அம்மை 43 வயதில் மார்பில் புற்று வந்து இறந்திருக்கிறார். அம்மையின் தங்கை வயிற்றில் நீர் கோத்து இறந்திருக்கிறார். இவர் இதுவரை ஒரு பரிசோதனையும் செய்ததில்லை. அன்றைக்கு வந்ததுகூடக் கால்வலிக்குத்தான். "எனக்குக் கட்டி ஒண்ணும் இல்லையே சிஸ்டர்" என்றார்.

ஆசிரியை செய்தது தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூன்று படங்களில் ஒன்றாவது இந்த அம்மாவுக்குக் கிடைத்திருக்க வேண்டும். இருபது வருடமாகச் செவிலியர் வேலை பார்க்கிறேன். பயம் அதிகம் உள்ளவர்களிடம் பரிசோதனை போய்ச் சேருகிறது, இடர், அதாவது நோய் வரும் வாய்ப்பு, அதிகம் உள்ளவர்களிடம் போய்ச் சேர்வதில்லை. இது என் மனதை இப்போதும் அறுக்கிறது. 40 முதல் 60 வரை வயதுள்ள பெண்கள் தங்கள் இடர் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ப மேமோகிராமைத் திட்டமிடுவது எப்படி என்று இங்கே படிப்படியாக எழுதுகிறேன். முடிவை உங்கள் டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். ஆனால் டாக்டர் முன்னால் வெறுங்கையோடு உட்காராமல் இருக்க இது உதவும்.

தொடங்குவதற்கு முன்: உங்களுக்கு ஏற்கனவே ஏதாவது தெரிகிறதா?

மார்பிலோ அக்குளிலோ கட்டி, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர், நேராக இருந்த காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, தோல் ஆரஞ்சுத் தோல்போலக் குழிகுழியாவது, காம்பில் ஆறாத புண். இதில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டி உங்களுக்கு இல்லை. நீங்கள் இடரைக் கணக்குப் போட வேண்டாம், இந்த வாரமே மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டர் கையால் பார்ப்பார், படம் எடுப்பார், தேவைப்பட்டால் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதிப்பார் (பயாப்சி). எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு. "வலிக்கவில்லை, அதனால் ஒன்றும் இருக்காது" என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். புற்றுக் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது.

எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் மேலே படியுங்கள்.

படி 1: சராசரி எவ்வளவு என்று மனதில் வையுங்கள்

அமெரிக்காவில் எட்டுப் பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. இந்தியாவில் சுமார் 28 பேரில் ஒருவருக்கு என்று மதிப்பிடுகிறார்கள். நம்மூரில் குறைவாக இருப்பதற்கு இளம் வயதுப் பிரசவம், நீண்ட காலம் தாய்ப்பால் கொடுப்பது போன்ற பழக்கங்களும் காரணம். அந்தப் பழக்கங்கள் மாறிக்கொண்டே வருகின்றன. 2022இல் இந்தியாவில் புதிதாக நோய் வந்தவர்கள் சுமார் 1.92 லட்சம் பேர், அதே ஆண்டில் இறந்தவர்கள் சுமார் 98 ஆயிரம் பேர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய் குறைவு, சாவு அதிகம். நம் பெண்கள் தாமதமாக வருவதுதான் இதற்கு முக்கியக் காரணம். இன்னொன்று, மேற்கு நாடுகளைவிட நம் பெண்களுக்குச் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகவே, ஐம்பதை ஒட்டிய வயதில் வருகிறது. அதனால்தான் நாற்பதுகளில் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்கிறேன்.

படி 2: குடும்பத் தாள்

எல்லாப் படிகளிலும் இதுதான் பெரியது, செலவே இல்லாதது. ஒரு பெரிய தாள் எடுங்கள், பழைய நாள்காட்டியின் பின்பக்கம் போதும். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நடுவில் நீங்கள், பக்கத்தில் உடன்பிறந்தவர்கள், கீழே பிள்ளைகள். மேலே அம்மை, அவர் உடன்பிறந்தவர்கள், அவருடைய பெற்றோர். அப்பா பக்கமும் அதே மாதிரி. மூன்று தலைமுறை வந்தால் போதும். ஒவ்வொரு வட்டத்தின் கீழும் இப்போதைய வயது அல்லது இறந்த வயது, புற்றுநோய் வந்திருந்தால் எந்த உறுப்பில், எந்த வயதில் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுங்கள். எந்த வயதில் இறந்தார் என்பதைவிட எந்த வயதில் நோய் தெரிந்தது என்பதுதான் முக்கியம்.

அப்பா பக்கம் என்று சொன்னதும் பலர் விழிக்கிறார்கள். "இது பொம்பளைங்க நோய்தானே, அம்மை வழியில்தானே வரும்?" தாய்வழியில் சொத்து போகும் மருமக்கத்தாயம் இருந்த மண் இது. நாஞ்சில் நாட்டு வீடுகளில் தாய்வழிக் கதை பாட்டிக்குப் பாட்டி வரைக்கும் நினைவில் இருக்கும், அப்பாவின் அக்கா எதனால் இறந்தார் என்று கேட்டால் தெரியாது. ஆனால் மரபணு அப்பா வழியிலும் அப்படியே வரும். மார்பகப் புற்றோடும் சினைப்பைப் புற்றோடும் தொடர்புள்ள பிராக்கா 1, பிராக்கா 2 என்று சொல்கிற மரபணுக்களில் பிழை இருக்கும் ஆணுக்கு நோய் வராமலே இருக்கலாம். ஆனால் அவர் அதை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆகவே உங்கள் அத்தைமாரைத் தாளில் சேர்க்காமல் விட்டால் தாள் பாதிதான்.

சொந்தத்துக்குள் கல்யாணம் முடித்த வீடுகளில் இன்னொரு சிக்கல் வரும். மாமன் மகனைக் கட்டியிருந்தால் உங்கள் மாமியார் உங்களுக்கு உறவுமுறையில் அத்தையாக வருவார், ரத்த உறவாக இருக்கமாட்டார். அத்தை மகனைக் கட்டியிருந்தால் அதே மாமியார் அப்பாவின் கூடப்பிறந்தவர், உங்கள் ரத்தம். மாமியாருக்கு வந்த நோயைச் சிலர் இடராக எண்ணிப் பயப்படுகிறார்கள், சிலர் எண்ணவே மாட்டார்கள். உறவின் பெயரைப் பார்க்காதீர்கள், கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். மைனி, கொழுந்தி என்று கல்யாணத்தால் வந்தவர்களின் நோய் உங்கள் கணக்கில் வராது. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் கணவர் பக்கமும் ரத்தம்தான். அதனால் அவர்கள் தாளில் அந்தப் பக்கமும் வேண்டும்.

அப்புறம் கேட்கும் விதம். நம் வீடுகளில் அந்த நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "அந்த தீனம்" என்பார்கள். என் அம்மையின் சித்தியைப் பற்றி நான் கேட்டபோது, புளி உரித்துக்கொண்டிருந்த என் ஆச்சி கையை நிறுத்தாமல், "அவளுக்கு வயத்துல நீர் கட்டி" என்று மட்டும் சொன்னார். எத்தனை வயதில் என்று கேட்டேன். "கடைசிப் பிள்ளைக்கு சடங்கு வச்ச வருஷம்." அந்தப் பிள்ளைக்கு இப்போது 61 வயது. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் சித்திக்கு அப்போது ஐம்பதுக்குள்தான். வயிற்றில் நீர் கட்டி ஐம்பதுக்குள் இறந்த பெண் என்றால் அது சினைப்பைப் புற்றாக இருக்க வாய்ப்பு உண்டு, வேறு காரணமும் இருக்கலாம். நான் அந்த வட்டத்தில் கேள்விக்குறி போட்டு எழுதிவைத்தேன். "எந்த வயசு?" என்று நேராகக் கேட்காமல் கல்யாணம், சடங்கு, பேரப்பிள்ளை பிறந்தது, சுனாமி வந்த வருடம் என்று நினைவில் நிற்கும் ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள். வயது தானாக வரும்.

இப்போது தாளைப் பார்த்து இவற்றைத் தேடுங்கள்: 50 வயதுக்குள் மார்பகப் புற்று வந்தவர், இரண்டு மார்பிலும் வந்தவர், எந்த வயதிலானாலும் சினைப்பைப் புற்று, மார்பகப் புற்று வந்த ஆண், கணையப் புற்று, ஒரே பக்கத்தில் மூன்று பேருக்கு மார்பகப் புற்று. இதில் ஒன்று கிடைத்தாலே மரபணு ஆலோசனை கேட்க வேண்டும். பெண்களே குறைவான குடும்பமாக இருந்தால், எல்லாரும் ஆண்களாக இருந்தால், நோய் தெரியாமலே மரபணு ஒளிந்து வந்திருக்கலாம். அதையும் தாளில் ஒரு ஓரத்தில் எழுதுங்கள்.

தாயோ சகோதரியோ ஒருவருக்கு நோய் வந்திருந்தால் உங்கள் இடர் சராசரியைப்போல் சுமார் இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு என்றதும் கலங்க வேண்டாம். நூறில் மூன்றோ நான்கோ என்பது ஆறோ எட்டோ ஆகிறது, மீதி தொண்ணூற்றுச் சொச்சம் பேருக்கு வருவதில்லை. அதேபோல, நோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. தாள் வெறுமையாக இருந்தால் இடர் இல்லை என்று ஆகாது, சராசரி இடர் என்றுதான் ஆகும்.

படி 3: உங்கள் உடம்பின் கதை

வயதுக்கு வந்தது எப்போது, முதல் பிரசவம் எந்த வயதில், எத்தனை பிள்ளைகள், மொத்தம் எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள், தீட்டு நின்றது எப்போது. இவ்வளவும் எழுதுங்கள். 12 வயதுக்கு முன் வயதுக்கு வந்தவர்கள், 55க்குப் பிறகு தீட்டு நின்றவர்கள், 30க்கு மேல் முதல் பிள்ளை பெற்றவர்கள், பிள்ளையே பெறாதவர்கள், இவர்களுக்கு இடர் கொஞ்சம் கூடும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மார்புத் திசுவில் எத்தனை வருடம் வேலை செய்தது என்பதுதான் இதன் அடிப்படை. தாய்ப்பால் இதற்கு எதிர்ப்பக்கம். மொத்தம் 12 மாதம் பால் கொடுத்தால் இடர் சுமார் 4 சதவீதம் குறைகிறது, ஒவ்வொரு பிரசவமும் தனியாக 7 சதவீதம் குறைக்கிறது. எல்லாம் சின்னச் சின்னக் கூடுதல், குறைவுதான். தனியாக ஒன்றை வைத்து யாரும் கலங்க வேண்டியதில்லை. தீட்டு நின்றபின் எடை கூடுவதும், மாதவிடாய் நின்ற தொந்தரவுக்காக இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுவதும் இடரைக் கூட்டும்.

பெரிய கணக்கில் வருபவை இரண்டு. ஒன்று, முன்பு மார்பில் பயாப்சி செய்திருந்தால் அதன் முடிவு. "சாதாரணக் கட்டிதான்" என்று வாயால் சொன்னதை நம்பி நிற்க வேண்டாம், காகிதத்தைத் தேடி எடுங்கள். அதில் "ஏடிபிகல்" (செல்கள் இயல்புக்கு மாறாக இருக்கின்றன) என்ற சொல் இருந்தால் இடர் சராசரியைப்போல் நான்கு மடங்கு வரை போகும். மற்றொன்று, 10 முதல் 30 வயதுக்குள் வேறு நோய்க்காக மார்புப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள். இவர்கள் நேராக அதிக இடர் வரிசைக்குப் போகிறார்கள்.

கடற்கரை ஊர்களில் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது கேட்பார்: "மணவாளக்குறிச்சி மணலால்தானே கேன்சர் வருது?" நம் கரையில் மோனசைட் மணல் இருப்பதும், அதில் தோரியம் இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்மை. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் மக்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இடரைக் கணக்கிடும் எந்தக் கருவியிலும் ஊர் மணலுக்கு இடம் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் மணலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுபவர், சித்திக்கு எந்த வயதில் வந்தது என்று கேட்டால் தெரியாது என்கிறார். அந்த ஒரு மணி நேரத்தைத் தாளுக்குக் கொடுங்கள்.

படி 4: கணக்குக் கருவிகள்

டாக்டர்கள் பயன்படுத்தும் கருவிகள் சில இணையத்திலும் கிடைக்கின்றன. பழையது கெய்ல் மாதிரி, 1989இல் அமெரிக்காவில் வந்தது. வயது, வயதுக்கு வந்த வயது, முதல் பிரசவ வயது, தாய் சகோதரி மகளில் எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பயாப்சி என்று கேட்டு அடுத்த ஐந்து வருட இடரைச் சொல்லும். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். 1.67 சதவீதத்துக்கு மேல் வந்தால் கூடுதல் இடர் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இதன் பெரிய குறை, அத்தைமாரையும் சித்திமாரையும் கேட்பதில்லை. அந்த முந்திரி ஆலை அம்மாவின் சித்திக்குச் சினைப்பைப் புற்றாக இருந்திருந்தாலும் கெய்ல் கருவிக்கு அது தெரியவே தெரியாது. டைரர்-கியூசிக் என்ற கருவி இரண்டு பக்கத்து உறவுகளையும், சினைப்பைப் புற்றையும், மார்பின் அடர்த்தியையும் (இதைப் படி 7இல் சொல்கிறேன்) சேர்த்துக்கொள்கிறது. கேம்பிரிட்ஜில் உருவான கேன்ரிஸ்க் முழுக் குடும்ப மரத்தையும் வாங்கிக்கொள்கிறது. குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். நீங்கள் எழுதிய தாள் இல்லாமல் அவராலும் போட முடியாது.

ஒரு எச்சரிக்கை: இவை எல்லாம் பெரும்பாலும் மேற்கு நாட்டுப் பெண்களை வைத்துச் செய்தவை. அங்கே நோய் வரும் வீதம் வேறு, நம்முடையது வேறு. திரையில் 2.3 என்று வந்தால் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் மூன்றைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று அறியத்தான் அந்த எண்.

படி 5: உங்கள் வரிசை எது, இடைவெளி எவ்வளவு

தாளில் எச்சரிக்கை எதுவும் இல்லை, பயாப்சி இல்லை, கதிர்வீச்சு இல்லை. நீங்கள் சராசரி இடர். அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2024இல் சொன்னது 40 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம். அதற்கு முன்பு 50 வயதில் தொடங்கினால் போதும், நாற்பதுகளில் அவரவர் முடிவு என்றிருந்தார்கள். நம் நாட்டு அரசுத் திட்டத்தில் எல்லாருக்கும் மேமோகிராம் கிடையாது. 30 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் மார்பகப் பரிசோதனைதான். என் யோசனை இது: நாற்பதுகளில் ஒருமுறை மேமோகிராம் எடுத்து அடர்த்தியைத் தெரிந்துகொள்ளுங்கள், ஐம்பதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் எடுங்கள். வருடாவருடம் தேவையில்லை.

தாய் அல்லது சகோதரி ஒருவருக்கு வந்திருக்கிறது, அல்லது ஏடிபிகல் பயாப்சி, அல்லது ஒரே பக்கத்தில் இரண்டு பேர். இது நடுத்தர இடர். பிரிட்டனில் வாழ்நாள் இடர் 17 முதல் 30 சதவீதம் வரை உள்ளவர்களை இந்த வரிசையில் வைத்து, 40 முதல் 49 வயது வரை வருடம் ஒருமுறை மேமோகிராம் கொடுக்கிறார்கள். உறவினருக்கு எந்த வயதில் வந்ததோ அதற்குப் பத்து வருடம் முன்னால் தொடங்குவது பல டாக்டர்கள் பின்பற்றும் கணக்கு, ஆனால் 30க்கு முன்னால் அல்ல. அம்மைக்கு 43இல் வந்தது என்றால் மகள் 33இல் தொடங்கியிருக்க வேண்டும். அந்த முந்திரி ஆலை அம்மா 14 வருடம் பிந்தித்தான் வந்தார்.

அதிக இடர் என்பது வேறு உலகம். பிராக்கா பிழை இருப்பவர்களில் 100க்கு 70 பேர் அளவுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரலாம். அவர்களுக்கும், சின்ன வயதில் மார்பில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும், அமெரிக்க வழக்கப்படி கருவி 20 சதவீதத்துக்கு மேல் (பிரிட்டனில் இந்த எல்லை 30) வாழ்நாள் இடர் காட்டியவர்களுக்கும் வருடந்தோறும் மேமோகிராமோடு எம்.ஆர்.ஐ.யும் சேர்த்து எடுக்க வேண்டும். மாத்திரை, அறுவை சிகிச்சை போன்ற தடுப்பு வழிகளும் உண்டு. அதைப் புற்றுநோய் நிபுணரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

மரபணுச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்தவரை, அவர் உயிரோடு இருந்தால். அவரிடம் பிழை கண்டுபிடித்தால் உங்களுக்கு அந்த ஒரு பிழையை மட்டும் தேடினால் போதும், இல்லை என்று வந்தால் நிம்மதியாக நம்பலாம். அவரைச் சோதிக்காமல் உங்களை மட்டும் சோதித்து ஒன்றும் இல்லை என்று வந்தால், அது முழு ஆறுதல் இல்லை. சித்தியோ அக்காவோ இப்போது சிகிச்சையில் இருந்தால் இதை அவரிடம் கேட்கச் சங்கடப்படாதீர்கள். தன் நோயால் தங்கச்சிக்கு ஒரு வழி தெரிகிறது என்றால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக ரத்தம் கொடுக்கிறார்கள்.

இடரைப் பார்த்து இடைவெளியை மாற்றலாமா, அது ஆபத்து இல்லையா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 2016இல் தொடங்கிய விஸ்டம் என்ற ஆய்வு 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து இதைத்தான் சோதித்தது. ஒரு பாதிக்கு வருடாந்திர மேமோகிராம், மறு பாதிக்கு இடருக்கேற்ற இடைவெளி. 2025 டிசம்பரில் வந்த முடிவில், இடைவெளியை மாற்றியவர்களிடம் முற்றிய புற்று கூடவில்லை.

மேமோகிராமுக்கு வழியே இல்லாதவர்களுக்கு

ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போகும். ரப்பர் பால் எடுப்பவர், மீன் விற்பவர், ஆலைக்குப் போகிறவர் எல்லாரிடமும் இதைக் கேட்கிறேன். அவர்களுக்கு நம்பிக்கை தரும் ஒரு செய்தி மும்பையில் இருக்கிறது. டாடா நினைவு மருத்துவமனை அங்கே ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் தொடர்ந்து பார்த்தது. மேமோகிராம் இல்லை. அவர்களில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான். அப்படிப் பரிசோதித்த 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம், மற்ற பாதியோடு ஒப்பிட்டால், மார்பகப் புற்றால் வந்த சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. 2021இல் வெளியான முடிவு இது. 50க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஒருங்கிணைந்த புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் கன்னியாகுமரியும் ஒன்று. ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மற்றவை. வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும் பரிசோதனை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், கிராம சுகாதார செவிலியரிடமும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடமும் கேளுங்கள். குடும்பத் தாளை அங்கேயே காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் மேல் பரிசோதனைக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் உள்ளவர்கள் பலர் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் போகிறார்கள். எங்கே போனாலும் எந்தக் கிழமை எடுக்கிறார்கள், படம் எடுக்கும் மெஷின் ஓடுகிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இரண்டு பஸ் மாறிப் போய்த் திரும்பி வந்தவர்கள் மறுபடி போவதில்லை.

படி 6: படம் எடுக்கும் நாள்

தீட்டு நிற்காதவர்கள், தீட்டு முடிந்த அடுத்த வாரத்தில் போங்கள். அப்போது மார்பு கனத்து வலிக்காது. அன்றைக்கு அக்குளிலும் மார்பிலும் பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம். பவுடரின் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும், புற்றின் ஆரம்பமும் சில நேரம் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும். காலையில் குளித்து, முகத்தோடு சேர்த்துக் கழுத்து நெஞ்செல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு, தலைநிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வருவார்கள் நம் பெண்கள். ஈரத் துணி கொடுத்து நானே துடைத்துவிடுவேன். சேலையோ சுடிதார் டாப்போ நல்லது, மேல்பாதி மட்டும் கழற்றினால் போதும்.

ஒவ்வொரு மார்பையும் இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுப்பார்கள். அழுத்துவது சில விநாடிதான். மூச்சை அடக்கச் சொல்லும்போது தோளைத் தூக்காமல் தளர விடுங்கள், வலி குறையும். படம் எடுப்பவர் பெண்தானா என்று முன்பே கேட்பது உங்கள் உரிமை. கதிர்வீச்சு மிகக் குறைவு. சும்மா வீட்டில் இருந்தாலே இயற்கையில் நம் மேல் விழும் கதிர்வீச்சில் ஏழு வார அளவு. பழைய படம் இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். புதிதாகத் தெரிகிற ஒரு நிழல் ஐந்து வருடமாகவே அங்கே இருந்தது என்று தெரிந்தால், ஒரு பயாப்சி மிச்சம்.

படி 7: ரிப்போர்ட்டில் இரண்டு இடம்

முதலில் பை-ராட்ஸ் எண், அதாவது படத்தில் தெரிவது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்லும் எண். 1, 2 என்றால் கவலை இல்லை. 3 என்றால் புற்றாக இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி பாருங்கள், அந்த ஆறு மாதத்தை மறந்துவிடக் கூடாது. 4, 5 என்றால் பயாப்சி. 6 என்பது ஏற்கனவே உறுதியான நோய். 0 என்று பார்த்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். 0 என்றால் படம் போதவில்லை, இன்னொரு கோணமோ ஸ்கேனோ வேண்டும் என்று மட்டுமே பொருள். 1,000 பேருக்கு எடுத்தால் சுமார் 100 பேரை இப்படித் திரும்பக் கூப்பிடுவார்கள், அதில் புற்று உறுதியாவது நான்கைந்து பேருக்குத்தான்.

இரண்டாவது, அடர்த்தி. ஏ, பி, சி, டி என்று நான்கு எழுத்தில் ஒன்று இருக்கும். கையால் தொட்டு இதை அறிய முடியாது. சி, டி என்றால் மார்பில் கொழுப்பு குறைவு, திசு அடர்த்தி. திசுவும் வெள்ளை, புற்றும் வெள்ளை. கொழுப்பு நிறைந்த மார்பில் நூறு புற்றில் 87ஐக் காட்டும் மேமோகிராம், மிக அடர்ந்த மார்பில் சுமார் 63ஐத்தான் காட்டுகிறது. அடர்த்தியே தனியாக இடரைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். டி வந்தவர்கள் "நார்மல்" என்று வந்தாலும், ஸ்கேன் சேர்க்க வேண்டுமா, இடைவெளியைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்த எழுத்தை வீட்டுக்கு வந்ததும் குடும்பத் தாளில் உங்கள் வட்டத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள்.

படி 8: தாளை மூடிவைக்காதீர்கள்

தாளின் மூலையில் தேதி போடுங்கள். வருடம் ஒருமுறை, நினைவில் நிற்கும் ஒரு நாளில், ஓணமோ கிறிஸ்துமஸோ கோயில் கொடையோ எல்லாரும் வீட்டுக்கு வரும் நாளில் எடுத்துப் பாருங்கள். குடும்பத்தில் ஒருவருக்குப் புதிதாக வந்தால், தீட்டு நின்றால், பயாப்சி செய்தால், வரிசை மாறலாம்.

என் தாளில் அப்பா பக்கம் பல வருடம் வெறுமையாகத்தான் இருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு துபாயிலிருந்து வந்த என் பெரியப்பா மகனிடம், எங்கள் அத்தை எதனால் இறந்தார் என்று கேட்டேன். அவன் தெரியாது என்றான். பிறகு ஒரு ராத்திரி போன் செய்தான். பெட்டியில் அத்தையின் பழைய மருத்துவமனைக் காகிதம் கிடைத்ததாம், இடது மார்பு, வயது 46. நான் வட்டத்தை நிரப்பினேன். மறுநாள் டாக்டரிடம் போய்க் காட்டினேன். என் அடுத்த படம் அடுத்த வருடம் சித்திரைக்கு இருந்தது, இப்போது இந்த ஐப்பசிக்கு.